செகண்ட்ஸ்

மலையில் ஒரு பங்களா காலியானால்
கட்டில் முதல் கரண்டி வரை
மேட்டுப்பாளையத்தில் ரஹ்மத்துல்லா கடைக்கு இறங்கும்.
திருப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் போவேன்,
அன்னூர் வழிப் பஸ்ஸில், ஜன்னல் சீட் கிடைத்தால்.

முதலில் வாங்கியது ஒரு தட்டு.
ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் ஊதாப் பூங்கொத்து.
வருகிறவர்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் கவிழ்த்தேன்.
பதினெட்டு வருஷம் பனியனைப் புரட்டித்
தையல் பார்த்த கை
என்னைக் கேட்காமல் செய்தது அது.

அடியில் பச்சை எழுத்தில் லிமோஜ்.
குறுக்கே ஒரு வெட்டு.

"கீறல் உழுந்திருச்சுங்க்கா,
முன்னூத்தம்பது குடுங்க, போதும்."

கீறல் தயங்கும். வளையும். நடுவில் விட்டுப்போகும்.
இது சக்கரம் வைத்து ஒரே இழுப்பில்
ஊர்ப்பெயரின் கழுத்தில் போட்ட கோடு.
என் மேசையிலும் இருக்கிறது அதே கோடு,
லேபிளைப் பாதியாய் நறுக்கிக்
காதர்பேட்டைக்கு அனுப்புகிற கத்திரியில்.
அவரிடம் சொல்லவில்லை.
முன்னூறுக்குப் படிந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன்.
குதிரைப்படையைக் கொடுத்து
ஜாடி வாங்கிய ராஜா ஒருவன் இருந்திருக்கிறான்.
தங்கம் செய்வேன் என்று சொன்னவனைப் பூட்டிவைத்துச்
சீனத்து வெள்ளையைச் செய்யவைத்தது சாக்சனி.
இன்னும் அறுபது வருஷம் கழித்து
லிமோஜுக்குத் தெற்கே
ஒரு வைத்தியர் மனைவி
துணி வெளுக்கச் சோப்புக்குப் பதிலாகப்
பள்ளத்து வெள்ளை மண்ணை அள்ளினாளாம்.
அந்த மண்தான் பிரான்சின் பீங்கான் ஆனதாம்.
கதையென்று சொல்கிறார்கள்.
நான் நம்புகிறேன்.
வெளுப்பதற்காக என்னென்னவோ கரைத்து
ஆற்றில் விட்ட ஊர்க்காரி நான்.
அவள் துணி வெளுத்ததா என்று மட்டும்
யாரும் எழுதிவைக்கவில்லை.

எதற்காக ஒதுக்கினாள்?
(அவள் என்றே வைத்துக்கொள்கிறேன்.)
மூன்று ராத்திரி டியூப்லைட்டுக்கு அடியில்
தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
விரிசல் இல்லை, கோணல் இல்லை.
"சோறு போடாத தட்டுக்கு
எதுக்கு இத்தன வெளிச்சம்?"
போர்வைக்குள்ளிருந்து மயில்சாமி.

நாலாம் ராத்திரி அகப்பட்டது.
மூன்றாவது இலைக்குக் கீழே ஓர் எறும்பு.
லென்ஸ் வைத்தால்
ஆறு காலும் இரண்டு மீசையும் தூரிகை.
உடம்பு மட்டும் சாயமில்லை,
உலையில் விழுந்த துகள்,
பளபளப்புக்கு அடியில் வெந்து கிடக்கிறது.

வெட்டுப்போட்ட வெள்ளைத் தட்டுகளை
மலிவாக வாங்கிப்போய்
வீட்டில் பூ வரைந்தவர்கள் இருந்தார்கள்.
அவர்களில் யாரோ
புள்ளியை இலை போட்டு மூடாமல்
கால் கொடுத்திருக்கிறார்.

இப்போது என்னிடம் ஒன்பது.
எல்லாமே வெட்டுப்பட்டவை.
கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டர்,
கண்ணாடி அலமாரியில் நாற்பது உருப்படி வைத்திருப்பவர்,
போட்டோ பார்த்துவிட்டுச் சொன்னார்:
"முழுசா ஒண்ணு வாங்குங்கம்மா.
இதுக்கெல்லாம் ரீசேல் கெடையாது."
அவருடையவை முகம் காட்டி நிற்கும்.
என்னுடையவை கவிழ்ந்து கிடக்கும்,
எறும்புத் தட்டைத் தவிர.

நேற்று லியோனுக்குப் போகிற ஆர்டர்.
குழந்தைக் கவுன், வெள்ளை, ரெண்டு வயசு சைஸ்.
நெஞ்சுக்குக் கீழே கடுகளவு மெஷின் எண்ணெய்.
கை அதில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டது.
பக்கத்து மேசைக் கனகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.
ஊசி இருந்தது. கறுப்பு நூலும் இருந்தது.
ஆறு தையல், மிஞ்சினால் எட்டு.

மதியத்துக்குள் கண்டெய்னர் கிளம்பணும்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கரைப்
புள்ளியைப் பார்க்க ஒட்டிவிட்டு
அடுத்ததைப் புரட்டினேன்.